துளை போடாத டின்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை என்னால் அவர் பெயர் போலீஸ் புத்தகத்தில் ஏறியது. அந்தப் பெயருக்கு நான் செய்த எழுத்துச் சேவை அதோடு போதும்.

இதை நன்றியோடு எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபத்தோடு எழுதுகிறேன். இருபத்துச் சொச்சம் வருஷமாகியும் ஆறாத கோபம். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். காரணம் உப்பில்லை, மலாக்காவில் காஜா பெராங் சாலையில் மோட்டார் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த ஒரு மனிதர் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. "இத யார் செஞ்சது?" என்று உலகத்தில் எவன் கேட்டாலும் அவர் கை தானாக இடது காது மடலுக்குப் போகும். மடலை இரண்டு தடவை இழுத்துவிடுவார். பிறகு, "நான்தாங்க. என் தப்புதான்" என்பார். செய்தாரா இல்லையா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் செய்திருக்க மாட்டார். அந்தச் சமயத்தில் அந்த ஊரிலேயே இருந்திருக்க மாட்டார். ஆனாலும் அவர்தான்.

வயது இருபத்தெட்டு இருக்கும். நெட்டையான ஆள். முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கீழே சரியாக இரண்டு மடிப்பு மடித்திருப்பார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தற்காலிக கிளார்க். பிறந்ததிலிருந்து சைவம். அடுத்த மேசையில் முட்டை வாசனை வந்தாலே தட்டைத் தூக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். சாயங்காலம் ஆனால் எங்கள் வாசகசாலைக்கு வந்து, எல்லாரும் கலைத்துப் போட்ட பத்திரிகைகளை அடுக்கி வைத்துவிட்டு, கடைசியாக ஒன்றை எடுத்துப் படிப்பார்.

அந்த வாசகசாலையில்தான் அந்த வியாதியை முதன்முதலில் நெருக்கத்தில் பார்த்தேன். ஒருநாள் வாசகசாலைத் தலைவர் பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். சினிமாப் பக்கத்தில் சதுரமாக ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத் தலைவரின் மீசை தெரிந்தது.

"யாருய்யா இத வெட்டுனது? வெட்கமா இல்ல?"

கேரம் பலகையில் காய்கள் நின்றன. அவர் கை காதுக்குப் போயிற்று.

"நான்தாங்க."

"நீங்களா? நடிக படத்தையா?"

"ஆமாங்க. என் தப்புதான்."

"எதுக்குங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "பாக்கறதுக்குத்தாங்க" என்றார்.

கூரை அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலாக மடித்த நடிகை என் சட்டைப் பையில் இருந்ததால் அளவாகத்தான் சிரிக்க முடிந்தது. படம் கசங்கிவிடக்கூடாது பாருங்கள்.

இன்னொரு சம்பவம். எங்கள் பக்கத்து வீடு, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட சிட்டிக் குடும்பம். நாங்கள் கும்பிடும் மாரியம்மனைத்தான் அவர்களும் கும்பிடுவார்கள். ஆனால் அந்த வீட்டு அம்மாளுக்குத் தமிழ் என்றால் சாமி பெயர்களும் பொங்கலும்தான். மற்றதெல்லாம் மலாய். இறாலை உப்பில் ஊறவைத்துச் செய்யும் சின்சாலோக் போடுவதில் அந்த அம்மாள் பேர்போனவர். ஜாடிகளை வெயிலுக்காக வாசலில் வைத்திருப்பார். என் அப்பா தன் சைக்கிளைச் சரியாகச் சாய்க்காமல் விட்டுவிட்டு வந்தார். அது விழுந்து ஜாடி உடைந்தது. நாற்றம் பாசார் வரைக்கும் போயிருக்கும். அந்த அம்மாள் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, "சியாப்பா?" என்று கேட்டார். யார் என்று கேட்க எந்த மொழியானால் என்ன?

அப்பா நகராட்சியில் மேற்பார்வையாளர். தெருவில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்திரிகையைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அவர் காதைத் தொட்டார். அந்த அம்மாளுக்கே அலுத்துவிட்டது. "டியா லாகி!" என்றார். மறுபடியும் இந்த ஆளா என்று அர்த்தம். முட்டை வாசனைக்கு எழுந்து போகிற மனிதர், மண்டியிட்டு, அந்த இறால் ஊறலை இரண்டு கையாலும் வழித்து எடுத்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. அப்பா உள்ளே போய்க் கோப்பி குடித்தார்.

அந்தக் கோப்பியைப் போட்டுக் கொடுத்தது அக்கா. ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தது. யார் சைக்கிள் என்று அக்காவுக்குத் தெரியும். அந்த ஆண்டே அக்காவுக்கும் அவருக்கும் பேசி முடித்தார்கள். அவர் தரப்பில் வந்து கேட்க ஆளில்லை, அக்காதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வேல பெர்மனண்ட் ஆகட்டும். கடிதத்த கையில வெச்சிக்கிட்டுத்தான் தாலி." கடிதம் ஜனவரியில் வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் தையில். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷக் கடைசி அது. நாட்டுக்கே நிரந்தரம் ஆகிவிட்டது, இவருக்கு ஆகாதா என்று தெருவில் கேலி பேசினார்கள்.

அப்போதுதான் எனக்கு மலை ஏறவேண்டும் என்று தோன்றியது.

எனக்கு இருபது வயது. நூலகத்தில் இருந்த ஆங்கிலப் பயணப் புத்தகங்களை எல்லாம் படித்துக் கெட்டுப்போயிருந்தேன். அவற்றில் ஒரு வெள்ளைக்காரன் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாக மலை ஏறுவான். உச்சியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, கத்தியால் டின்னைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, வாழ்க்கையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் யோசிப்பான். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய்விட்டான், இனி அவன் பாறையில் நாம்தான் உட்காரவேண்டும் என்று தீர்மானித்தேன். கேமரன் மலைக்கு மூன்று நாள். சுதந்திரத்துக்கு என்னால் ஆன பங்கு.

"இவன தனியா விடாதீங்க. கூடப் போயிட்டு வாங்க" என்று அக்கா அவரிடம் சொன்னது. அவருக்காக நீல நூலில் ஒரு கம்பளிச் சட்டையும் பின்னியது. கான்வென்டில் கற்றுக்கொண்ட வித்தை, மலாக்கா வெயிலில் அதற்கு வேலையே வந்ததில்லை. மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு, நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துப் பின்னியது.

ஜோங்கர் தெருவில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடையில் ஒரே மாதிரி இரண்டு முதுகுப் பைகள் வாங்கினோம். அதன்பிறகு நான் தனியாக எங்கள் தெருச் சீனத் தவுக்கேயின் மளிகைக் கடைக்குப் போய் மூன்று டின் சார்டின் வாங்கினேன். பாறைக்காக.

அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சுத்தியும் பெரிய ஆணியும் கயிற்றில் தொங்கும். அவசரகாலத்தில் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. டின் சாமான் விற்றால் கடைக்காரரே அதில் துளை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். துளை போட்ட டின்னைச் சேர்த்து வைக்க முடியாது, அன்றைக்கே தின்று தீர்க்கவேண்டும். எங்கள் மலாக்கா மற்ற ஊர்களுக்கு முன்பே கட்டுப்பாடுகள் நீங்கிய வெள்ளைப் பகுதி ஆகிவிட்டது. நாலு வருஷமாக அந்த ஆணி சும்மா தொங்கியது. ஊரடங்கு, முள்வேலி, சோதனைச் சாவடி எல்லாம் அடுத்த ஊர்க்காரர்களுடைய நோய் என்று நாங்கள் மறந்தே போயிருந்தோம். இப்படி மறக்க மலாக்காக்காரனால்தான் முடியும்.

தவுக்கே ஆணியைக் காட்டிச் சிரித்தார். "ஓட்ட போடவா, தம்பி?" என்றார் தமிழிலேயே.

"வேணாம் தவுக்கே. மலைக்குப் போறேன்."

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. புத்தகத்தில் தவுக்கேக்கள் வருவதில்லை.

மலாக்காவுக்கு ரயில் கிடையாது. தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். தம்பினுக்கு பஸ், அங்கிருந்து ரயில். வண்டியில் நான் அவரை ஒரு பிடி பிடித்தேன்.

"அண்ணே, நீங்க செய்யாத தப்ப எல்லாம் எதுக்கு ஒத்துக்கிறீங்க? ஊரே உங்கள மடையன்னு பேசுது."

"பேசட்டும் தம்பி. தப்பா ஒண்ணும் பேசலியே."

"வெளையாடாதீங்க. சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஜப்பான்காரன் காலத்துல எங்கள எல்லாம் வரிசையா நிக்க வெச்சான். ஒரு மூட்ட அரிசி காணோம். யாருன்னு கேட்டான். யாரும் பேசல. மறுபடியும் கேட்டான். யாரும் பேசல. வரிசையில கடைசியா நின்ன ஆள இழுத்துக்கிட்டுப் போயிட்டான். யாருன்னு கேட்டதுக்கு அப்புறம் ஒரு அமைதி வரும் பாரு, அது எனக்கு ஆகறதில்ல தம்பி. வயித்தப் பெரட்டுது. எதையாவது சொல்லி அத நிறுத்திடணும்."

"அரிசிய எடுத்தது யாரு?"

"யாருக்குத் தெரியும்?" என்றார். காதைத் தொட்டார். கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னால் என் கோபத்துக்கு அது இடைஞ்சல். ஆனால் சொன்னார், நான் கேட்டேன். கேட்டபிறகும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். என் பையில் டின் மூன்றும் முதுகெலும்பில் இடித்துக்கொண்டிருந்தன. அவர் பையில் ஒரு போர்வை, ஒரு மாற்று வேட்டி, அந்த நீலச் சட்டை மட்டும்தான். அவர் தூங்கும்போது மெல்ல அவர் பையைத் திறந்து, நீலச் சட்டைக்கு அடியில் மூன்று டின்களையும் வைத்துக் கட்டினேன். நல்ல மனிதர், சுமந்தால் என்ன? உச்சியில் எடுத்துக்கொள்ளலாம். வழக்கத்தில் வந்த யோசனைதான் அது. எங்கள் தெருவில் கனமான எதையும் அவர்மேல்தான் வைப்போம்.

தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸை அடிவாரத்திலேயே நிறுத்தினார்கள். தடுப்புக் கம்பம், முள்வேலி, நீள பெஞ்சு. எல்லாரும் இறங்கிப் பையைப் பெஞ்சில் வைக்கவேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு சீனக் கிழவரின் சட்டைப் பையில் இருந்த ரொட்டித் துண்டைக்கூட எடுத்து வெளியே போட்டார்கள். அப்போதுதான் எனக்குத் தவுக்கேயின் சிரிப்பு ஏன் குறைந்தது என்று விளங்கியது. மலைக் குளிர் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

சார்ஜண்ட் ஒரு மலாய்க்காரர். வயதானவர், சலிப்பானவர். அவர் முதலில் இவருடைய பையைத் தொட்டு, "இனி பெக் சியாப்பா பூஞா?" என்றார். பை யாருடையது?

"சாயா பூஞா" என்றார் இவர். பை அவருடையதுதான். அந்தப் பதிலில் ஒரு தப்பும் இல்லை.

போர்வை வந்தது. வேட்டி வந்தது. நீலச் சட்டை வந்தது. அதற்கு அடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. சார்ஜண்ட் ஒவ்வொரு டின்னாகத் திருப்பிப் பார்த்தார். மேலே துளை இல்லை. கீழே துளை இல்லை. மூன்றையும் பெஞ்சில் வரிசையாக நிறுத்தினார். கேட்டார், "இது?"

இவர் அந்த டின்களைப் பார்த்தார். முன்பின் தெரியாத குழந்தை ஒன்று நடுச்சாலையில் வந்து அப்பா என்று காலைக் கட்டிக்கொண்டால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. பிறகு என்னைப் பார்த்தார்.

நான் மலையைப் பார்த்தேன். அழகான மலை. அடுக்கடுக்காக, நீலமாக, மேலே மேகம். என் வாழ்க்கையில் எந்த மலையையும் அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

"சியாப்பா பூஞா?" என்று சார்ஜண்ட் மறுபடி கேட்டார்.

அமைதி. அவர் சொன்ன அதே அமைதி. முதல்முறையாக எனக்கும் அது கேட்டது. நாலு எழுத்தில் நான் அதை நிறுத்தியிருக்கலாம். ஓரக்கண்ணில் பார்த்தேன். அவர் கை காதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சாயா பூஞா."

அவரை ஓரமாக நிற்கவைத்தார்கள். கீழே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார்கள் என்றார்கள். சட்டம் தெரியாது, நாங்கள் மலாக்கா என்று அவர் சொல்லிப் பார்த்தார். சார்ஜண்ட் தலையை ஆட்டினார், ஆனால் ஏற்கெனவே எழுத ஆரம்பித்துவிட்டார். என் பையையும் திறந்தார்கள். துணியும் பயணப் புத்தகமும் இருந்தன. போ என்றார்கள்.

நான் பஸ்ஸுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்றேன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போயிட்டு வா தம்பி. ரூமுக்குச் சொல்லியாச்சு. சாயங்காலம் விட்டுருவாங்க, நான் பின்னாலயே வந்துடுறேன்." நீலச் சட்டையை எடுத்து நீட்டினார். "மேல குளுரும். நீ ஒண்ணும் கொண்டு வரல. போட்டுக்க."

போனேன். கேட்டீர்களா? போனேன். அந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்து, மலைக்குப் போனேன். பெரியவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கம் அன்றைக்கென்று எனக்கு வந்து சேர்ந்தது.

மலைமேல் தானா ராத்தாவில் ஒரு கடைக்கு மேலே அறை. சாயங்காலம் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் தேயிலைத் தோட்டம் பார்க்க நடந்தேன். மலைச்சரிவு முழுக்கப் பச்சைக் கம்பளத்தைச் சீப்பு வைத்து வாரிவிட்ட மாதிரி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"மலாக்கா."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து ஒத்தையாவா வந்த? கூட யாரும் வரலியா?"

"யாரும் வரல."

"நல்ல சட்டயா இருக்கே. யாரு பின்னுனா?"

"எங்க அக்கா."

அவர் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தார். "ஒனக்கா பின்னுனாங்க? கையி ஒரு சாண் தொங்குதே!" என்று சிரித்தார். நான் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். சரியாக இரண்டு மடிப்பு.

உச்சிக்கும் ஏறினேன். பாறையும் இருந்தது. உட்கார்ந்தேன். சுற்றிலும் பனிமூட்டம், என் பூட்ஸ்கூடத் தெரியவில்லை. கையில் திறக்க டின் இல்லை. வாழ்க்கையைப் பற்றி யோசிக்க ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன், அரை வரிகூட வரவில்லை. பல் மட்டும் அடித்துக்கொண்டது. ஈரமான சட்டையில் இன்னும் எங்கள் வீட்டு அலமாரி வாசனை இருந்தது. இறங்கும்போது, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று இரண்டு முட்டைக்கோஸ் வாங்கினேன். மனிதரைத் தொலைத்துவிட்டு முட்டைக்கோஸ் வாங்கினவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தாப்பாவில் இறங்கினேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை. உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்தேன். இன்னொன்று குடித்தேன். மூன்றாவதும் குடித்தேன். சாலை அகலம் முப்பது அடி இருக்கும். கடைக்காரர் நாற்காலிகளைத் துடைத்தபடி, "யாருக்காச்சும் காத்திருக்கியா?" என்றார். இல்லை என்று எழுந்து, ரயிலைப் பிடிக்கப் போய்விட்டேன்.

கதவைத் திறந்தது அக்கா. முதலில் எனக்குப் பின்னால் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. என் மேலே இருந்த சட்டையை, மடித்துவிட்ட கையை, இரண்டு பக்கமும் தொங்கிய முட்டைக்கோஸை. வீட்டுக்குள் அப்பா இருந்தார். நான் திண்டாடித் திண்டாடி விஷயத்தைச் சொன்னேன். அவர் பையில் டின் இருந்தது, பிடித்துவிட்டார்கள். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டது. "என்ன டின்னு?"

"சார்டின்."

"சார்டின்" என்று அக்கா திருப்பிச் சொன்னது. அப்பாவைப் பார்த்தது. அப்பா தரையைப் பார்த்தார். அக்கா முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

அப்பா கொஞ்சம் பொறுத்து என்னைக் கேட்டார். "ஒன் பெக்குல என்னடா இருந்துச்சு?"

"துணிப்பா."

"துணின்னே இருக்கட்டும்" என்றார்.

பத்து நாள் கழித்துத்தான் அவர் திரும்பி வந்தார். கோர்ட், அபராதம். அவசரகாலச் சட்டத்தில் பெயர் ஏறிய ஆளுக்கு அரசாங்கத்தில் இடமில்லை என்று அலுவலகம் கைவிரித்தது. ஜனவரியில் கடிதம் வந்தது, வேறு கடிதம். அப்பா அதற்காகக்கூடக் காத்திருக்கவில்லை. "காட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனவன்னு பேரு வந்துடுச்சு. அந்த வீட்டுக்கு எம் பொண்ண அனுப்புனா நாளைக்கு என் பென்ஷன் என்னாவும்? இவன் படிப்பு என்னாவும்?" என்று முடித்துவிட்டார். இவன் என்று என்னைக் காட்டினார். அக்காவின் கல்யாணத்தை எதற்காக நிறுத்தினார் என்பதை ஒரு விரலில் காட்டிவிட்டார்.

தெருவைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்து வருஷமாகத் தங்கள் தப்பையெல்லாம் அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நடந்தவர்கள் வாசகசாலையில் கூடினார்கள். உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுப்பதென்று பேசினார்கள். தலைவர் வாசலில் நின்று தொண்டையைச் செருமி அறிவிக்கும்போது, சிட்டி வீட்டு அம்மாள் தன் வாசலிலிருந்து இறங்கி வந்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உரக்கச் சொன்னார்.

"டியா தா மாக்கான் ஈக்கான்!"

அந்த ஆள் மீனே தின்னமாட்டான். அவ்வளவுதான், நாலு வார்த்தை. மீன் கடையில் மலாயில் பேரம் பேசுகிறவர்கள், அலுவலகத்தில் மலாயில் சலாம் போடுகிறவர்கள், மூன்று மாதம் முன்னால் தொண்டை கிழிய மெர்டேக்கா என்று கத்தியவர்கள். அத்தனை பேருக்கும் அந்த ஒரு நிமிஷம் மலாய் மறந்துபோயிற்று. தலைவர் என்னைப் பார்த்து, "என்ன சொல்றாங்க அந்தம்மா?" என்றார். நான், "தெரியலீங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் அவர் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாக இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. சண்டை போடத்தான் போனேன்.

"ஒங்கள யாரு ஒத்துக்கச் சொன்னது? அது ஒங்க டின்னா? ஒங்களுக்கு என்ன பெரிய மகான்னு நெனப்பா? எங்கக்கா கதி என்ன ஆச்சு பாத்தீங்களா? நான் கேட்டனா ஒங்கள? வாயத் தொறந்து கேட்டனா?"

அவர் சட்டைகளை அந்தப் பட்டாளத்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"கேட்டியே தம்பி. மூஞ்சியால கேட்டியே."

"நான் மலையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்!"

"அதத்தான் சொல்றேன்."

"இப்பவே போயி அப்பாகிட்ட சொல்லிடுறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

இதைக் கேட்டதும் அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒன்று இருந்தது. இன்றுவரை அதை மறக்க முயன்று தோற்றிருக்கிறேன். அவர் நம்பினார். ஒரு நிமிஷம், நான் சொல்லிவிடுவேன் என்று அந்த மனிதர் நம்பினார். கதவுப் பக்கம் நகர்ந்து எனக்கு வழிகூட விட்டார்.

நான் வெளியே வந்தேன். வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டது. முட்டைக்கோஸ் பொரியல். சாப்பிட்டேன்.

மறுநாள் அவர் அறை பூட்டியிருந்தது. மூவார் பக்கம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருக்கிறார் என்றார்கள், இல்லை ஜொகூர் என்றார்கள். சில வருஷம் கழித்து மூவார் ஃபெரியில் யாரோ யாரையோ இடித்து ஒரு முறுக்கு டின் கவிழ்ந்தது. "யார்ரா அது?" என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "நான்தாங்க." திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தேன். நீர்நிலை, மலை எதுவானாலும் நான் நன்றாகப் பார்ப்பேன்.

எனக்கு இருக்கும் கோபமெல்லாம் இதுதான். எங்கள் எல்லாரிடமிருந்தும் அந்த ஆள் ஒன்றைத் திருடிக்கொண்டு போய்விட்டார். நான் ஒருநாள், ஒரே ஒருநாள், "அது என்னோடது" என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் அடி வாங்கியிருப்பேன், அதோடு ஆளாகியிருப்பேன். அந்த இடத்தில் வந்து முந்திக்கொண்டார். இப்படி அவர்மேல் பழி போடும்போதுகூடப் பாருங்கள், எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது. காதைத் தொட்டுக்கொண்டு இதையும் ஒத்துக்கொள்வார்.

அக்காவை இரண்டு வருஷம் கழித்து சிரம்பானில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர். மூன்று பிள்ளைகள். வருஷத்துக்கு இரண்டு தடவை நான் போவேன். அக்கா அன்றும் சரி, இன்றும் சரி, அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாடா, உக்காருடா, பிள்ளைங்க எப்படி இருக்காங்க என்று சிரித்த முகமாகத்தான் பேசும்.

போன மாதமும் போயிருந்தேன். அவசரகாலச் சட்டம், அந்தச் சாவடி, அந்தத் தடுப்புக் கம்பம், தவுக்கே கடை, அப்பா, எதுவும் இப்போது இல்லை. மச்சான் பாசாரிலிருந்து நல்ல கோழி வாங்கி வந்திருந்தார். அது பிள்ளைகளுக்கு. அக்கா எனக்கென்று அலமாரியிலிருந்து ஒரு சார்டின் டின்னை எடுத்தது, இருபத்துச் சொச்சம் வருஷமாக ஒவ்வொரு தடவையும் எடுப்பதைப் போல. அடுப்படியில் டின் திறக்கும் கருவி இருக்கிறது, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அக்கா அதைத் தொடவில்லை. டின்னை எனக்கு முன்னால் மேசையில் நிறுத்தியது. இழுப்பறையிலிருந்து ஒரு சுத்தியையும் ஆணியையும் எடுத்தது.

ஓங்கி ஒரு அடி. துளையிலிருந்து சிவப்பாகக் குழம்பு எட்டிப் பார்த்தது.

"சாப்புடு" என்றது அக்கா.

சாப்பிட்டேன்.